இணையவழிப் பாடமும் ஊவாத் தோட்டத்து மாணாக்கரும்

பாடங்கேட்டல் என்பது தமிழர்தம் பழைய கல்வி மரபிலே செவியின் தொழிலாக மட்டும் கருதப்படவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே சீயகங்கன் வேண்டுகோட்கிணங்கி நன்னூலை யாத்த பவணந்தி முனிவர், அந்நூலின் பொதுப்பாயிரத்திலே, மாணாக்கனுக்குக் கல்வி நிரம்பும் வகையைக் கூறுபடுத்தி ஒரு கணக்கே தந்துவிடுகின்றார். ஆசிரியன் உரைப்பதைப் பழுதறக் கேட்டுக்கொள்பவனுக்கும் காற்பங்குக்குமேற் கைவராது. உடன்கற்பாரோடு பயின்று உசாவுவதனால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்பது அவர் கருத்து. ஓலைச்சுவடி காலத்துக் கணக்காயினும், கைத்தொலைபேசித் திரையிலே விரிவுரை கேட்கும் இன்றைய மாணாக்கனுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்பது வீண்வேலை அன்று.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, கொரோனாத் தொற்றுக் காரணமாக இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விடுதிகளிலிருந்த மாணாக்கர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் பயின்றுகொண்டிருந்த ஊவா மாகாணத்துத் தோட்டப் பிள்ளைகளும் பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, அப்புத்தளை, கொஸ்லந்தை முதலிய இடங்களிலுள்ள தம் லயங்களுக்கு மீண்டனர். சில கிழமைகளுக்குள் வகுப்புக்கள் இணையத்துக்கு மாறின. ஒரே வகுப்பில், ஒரே விரிவுரையாளரிடம், ஒரே பாடத்தைக் கேட்கத் தொடங்கியவருள் ஒருவன் இறுதிவரை ஊன்றி நிற்க, மற்றொருவன் மூன்றாம் கிழமையிலேயே ஓசையின்றி நழுவிவிட்டதேன்? சோம்பல் என்று கூறுவாரும் உளர். சிக்னல் இல்லாமையே என்று கூறுவாரும் உளர். முன்னையது அநீதி, பின்னையது அரைகுறையான உண்மை.

ஆசிரியரைக் காணாது பயிலுதல் இந்நாட்டுக்குப் புதியதொன்றன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டிலேயே புறநிலை மாணாக்கர்க்குத் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. கொழும்பிலே 1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும் வரை, லண்டன் பட்டத்திற்கே மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. பிற்காலத்திலே பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களின் புறநிலைப் பட்டங்களும், 1980 இல் நாவலையைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்டுப் பதுளையிலும் நிலையங் கொண்டுள்ள திறந்த பல்கலைக்கழகமும், வேலை செய்துகொண்டே படிப்பார்க்கு வழியாயின. ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளிலே கற்பிக்கும் பட்டதாரிகளுட் பலர் இவ்வழியாகவே பட்டம் பெற்றவர்கள்.

அவ்வழியைத் தனிவழி என்று எண்ணுவது தவறு. சனி ஞாயிறுகளிலே முதற் பஸ்ஸைப் பிடித்துப் பதுளை நகருக்கு வந்து, வாடகை மண்டபமொன்றிலே நடக்கும் வகுப்பில் இருந்து, இடைவேளையிலே ஒருவர் குறிப்பை மற்றொருவர் போட்டோப் பிரதி எடுத்து, மாலையிலே பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் நின்றபடி கடந்த ஆண்டு வினாத்தாளை அலசிவிட்டுப் பிரிந்தவர்களே அப்பட்டங்களைப் பெற்றனர். மேலிருந்து பார்ப்பவர்க்கு அது தனிப்படிப்பாகத் தோன்றினும், உள்ளே அது கூட்டுப்படிப்பாகவே நடந்தது. திறந்த பல்கலைக்கழகமும் அச்சிட்ட பாடநூலை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடவில்லை. நாட்பாடசாலைகளை நடத்தி, தொடர் மதிப்பீட்டுக்குரிய ஒப்படைகளைத் தவணை குறித்துப் பெற்று, மாணாக்கனை ஆண்டு முழுவதும் பிடித்து வைத்துக்கொண்டது. தேநீர்க் கடை எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்பட்டதன்று. ஆதலினாலேயே, வகுப்பை இணையத்துக்கு மாற்றியவர்கள் அதனை மாற்ற மறந்துவிட்டனர்.

இனி 2020 இல் அரசும் பல்கலைக்கழகங்களும் செய்தவற்றை நேர்மையாக மதிப்பிடல் வேண்டும். லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, சூம் வழியாக விரிவுரை நடத்தும் வசதியைப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் அளித்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்களின் கற்றல் முகாமைத் தளங்களைக் கட்டணமின்றி அணுகுவதற்கு இடமளித்தன. ஆசிய அபிவிருத்தி வங்கி அவ்வாண்டு உயர்கல்வி மாணாக்கரிடையே நடத்திய ஆய்வொன்றிலே, விடையளித்தோருட் பதின்மரில் ஏறத்தாழ ஒன்பதின்மர் இணையவழிக் கல்வியை அணுகக் கூடியவராயிருந்தனர். அயல்நாடுகள் பலவற்றோடு ஒப்பிடுகையில் இது பெரும் பேறே. ஆயினும் அணுகுதல் வேறு, ஈடுபடுதல் வேறு. கோயில் வாசலுக்கு வந்தோர் தொகையைக் கொண்டு வழிபட்டோர் தொகையைக் கூறிவிட முடியாது.

மேலும், அவ்விலவச ஏற்பாட்டிலே ஒரு நுண்மை உண்டு. கட்டணமின்றிக் கிடைத்தது பல்கலைக்கழகத் தளமும் அதன் வழி நடந்த விரிவுரையுமே. மாணாக்கர் தமக்குள்ளே குறிப்புப் பரிமாறி, ஐயம் வினாவி, நாளை வகுப்பு உண்டா என்று கேட்டறிந்த வட்ஸ்அப் குழுக்களுக்கும், விளங்காத பகுதியை வேறொருவர் விளக்கக் கேட்பதற்கு நாடிய யூரியூப் காணொளிகளுக்கும் டேட்டாவைத் தம் காசிலேயே வாங்க வேண்டியிருந்தது. நன்னூற் கணக்கின்படி சொல்வதானால், ஆசிரியனது காற்பங்கு இலவசம். தோழரது காற்பங்குக்குக் கட்டணம். திட்டமிட்டுச் செய்த வஞ்சகம் அன்று இது. கல்வி என்பது ஆசிரியரிடமிருந்து மாணாக்கனுக்குப் பாய்வதொன்று என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தமையின் விளைவேயாகும்.

சிக்னலின் கதை உலகறிந்தது. 2021 ஆம் ஆண்டிலே, போகிட்டியாவை என்னும் சிற்றூர்ப் பிள்ளைகள் காட்டுவழி நடந்து பாறையுச்சி ஏறிப் பாடம் பெற்றதையும், லுணுகலைப் பகுதிக் காட்டிலே மரத்தின்மேற் பரண் அமைத்துப் பிள்ளைகள் முறைவைத்து அதில் ஏறி இணையத் தொடர்பு பெற்றதையும் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் படம் பிடித்து வெளியிட்டன. அவர்கள் பாடசாலை மாணாக்கர். எனினும் மலை, கல்லூரி மாணாக்கனுக்கென்று தனி இரக்கங் காட்டுவதில்லை. நமுனுகுலைச் சாரலிலே ஒரு டிவிசனில் முழுச் சிக்னலும், வளைவொன்றைத் தாண்டிய அடுத்த டிவிசனில் ஒன்றுமின்மையும் இயல்பு. ஒக்டோபர் முதல் சனவரி வரை பெய்யும் மழையிலும் மூடும் பனியிலும் பாதையோரத்துக் கல்லின்மேல் இருந்து இரண்டு மணிநேர விரிவுரை கேட்பது எத்துணை ஆர்வமுடையானுக்கும் ஆகாத காரியம். இங்கே ஒரு விந்தையும் உண்டு. இவ்வாறு கல்லின்மேல் ஏறிக் கேட்ட மாணாக்கருட் பலர் படிப்பை விடவில்லை. வீட்டிலே சிக்னல் இருந்தவருட் சிலர் விட்டுவிட்டனர். ஆதலின் வீட்டினுட் புகுந்து பார்த்தல் வேண்டும்.

தோட்டத்து லயம் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பராவும், முன்னே ஓர் இஸ்தோப்பும், பின்னர்ச் சேர்த்துக் கட்டிய அடுப்படியுமாக அமைந்தது. புதிய தனிவீடுகள் பல கட்டப்பட்டிருப்பினும், லய வாழ்க்கை ஊவாவில் இன்னும் மறைந்துவிடவில்லை. அவ்வொரு காம்பராவிலே பாட்டன், பெற்றோர், பாடசாலை செல்லும் தம்பி தங்கையர் அனைவரும் உறைவர். சுவர்க்கு அப்பாலுள்ள வானொலியும் இப்பாலுள்ள தொலைக்காட்சியும் ஒன்றோடொன்று போட்டியிடும். இத்தகைய இடத்திலே ஒலிவாங்கியைத் திறந்து விரிவுரையாளரிடம் வினாக் கேட்கும் மாணாக்கன், தன் வினாவோடு தன் இல்லத்தின் ஓசை முழுவதையும் வகுப்பறைக்கு அனுப்புகின்றான். படக்கருவியைத் திறப்பானாயின், தகரக்கூரையையும் கொடியில் தொங்கும் துணிகளையும் உடன் காட்டுகின்றான். படத்தை மூடி, ஒலியை அடைத்து, பெயரை மட்டும் திரையில் விட்டுவைப்பவனை ஈடுபாடில்லாதவன் என்று எழுதிவிடுதல் எளிது. மானமுள்ளவன் என்று எழுதுவதே பெரும்பாலும் பொருத்தமாகும்.

பெண்பிள்ளையின் நிலை இன்னுங் கடினமானது. விடுதியிலே அவள் மாணவி. வீட்டிலே மூத்த மகள். தாய் காலையிலேயே பெரட்டுக்குப் போய்க் கொழுந்தெடுக்க மலையேறிவிட்டால், தண்ணீர் எடுத்தலும் சோறாக்கலும் தம்பியைக் கவனித்தலும் அவள் தலைமேல் விழும். எட்டு மணி விரிவுரைக்கு அவள் தொலைபேசியை அடுப்பருகே சாத்தி வைத்துக்கொண்டு கேட்பாள். பெற்றோர் படிப்பின் அருமை அறியாதவர் அல்லர். பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பிய பெற்றோர்க்கு அவ்வருமையை எவரும் உணர்த்த வேண்டியதில்லை. ஆயின், படிப்பு என்றால் பையைத் தோளிலிட்டு வெளியே போவது என்பதே அவர்கள் கண்ட காட்சி. கையிலே தொலைபேசியுடன் இஸ்தோப்பில் அமர்ந்திருப்பதும் படிப்பே என்பதை வீட்டார்க்கு விளக்கிச் சொல்லிய விரிவுரையாளர் எவரும் இலர். ஒரு மாணவியின் ஈடுபாட்டை வளர்க்க விரும்பும் கலாசாலை, அவள் வீட்டுக்கு நேரசூசியோடு தமிழில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தால், அது பல நுண்கருவிகள் செய்யாததைச் செய்திருக்கும்.

பொருட்செலவைப் பற்றி நீட்டிக் கூற வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது 2021 மார்ச் மாதத்திலேயே. அதுவும் குறித்த நிறை கொழுந்து எடுத்தவர்க்கே முழுமையாகக் கிட்டியது. ஒரு திறன்பேசி பல நாட் கூலியை விழுங்கும். வீட்டிலுள்ள ஒரே தொலைபேசியை மூத்தவன் விரிவுரைக்கும் இளையவள் பாடசாலைப் பாடத்துக்கும் பங்கிட வேண்டியிருந்தது. கணினி உடைய குடும்பங்கள் தோட்டத்துறையிலேயே மிகக் குறைவு என்பதைப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கெடுப்புக்கள் மீண்டும் மீண்டும் காட்டி வந்துள்ளன. கைத்தொலைபேசியின் சிறு திரையிலே பத்துப் பக்க ஒப்படையைத் தட்டச்சுச் செய்து பார்த்தவர்க்கே அதன் துன்பம் தெரியும்.

மொழியின் கதை சற்று வேறானது. பதுளை நகரின் அருகிலேயே 2005 இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் போதனை ஆங்கிலத்திலே நடைபெறுகின்றது. தமிழ்மொழியில் உயர்தரக் கலைப்பிரிவிலே தேறும் தோட்டத்து மாணாக்கன் அதனை மலைக்கு எதிரே கண்டுகொண்டு, பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் ஏறுகின்றான். அங்கே தமிழில் விரிவுரை கேட்பினும், இணையத் தளத்தின் கட்டளைகளும் உசாத்துணைக் கட்டுரைகளும் ஆங்கிலத்திலேயே அவனை எதிர்கொள்கின்றன. நேரடி வகுப்பிலே பக்கத்திலிருப்பவனை முழங்கையால் இடித்து, இது யாது என்று கேட்டுவிடலாம். இணைய வகுப்பிலே இடிப்பதற்குப் பக்கத்தில் எவரும் இல்லை. நூறுபேர் காண வினாவை எழுத்தில் இட வேண்டும். பிழைபட எழுதிவிடுவோமோ என்ற நாணமும், மலையகப் பேச்சு வழக்கைக் கேட்டு நகைப்பரோ என்ற கூச்சமும் அவ்விரல்களைக் கட்டிவிடுகின்றன.

மேலைநாட்டுக் கல்வியியலாரும் இவ்விடத்திற்கே வந்து சேர்ந்துள்ளனர். அமெரிக்க அறிஞர் மைக்கேல் மூர் 1989 இலே, தொலைக்கல்வியில் நிகழும் ஊடாட்டத்தை மாணாக்கனுக்கும் பாடப்பொருளுக்கும், மாணாக்கனுக்கும் ஆசிரியர்க்கும், மாணாக்கர்க்கும் மாணாக்கர்க்கும் இடையே நிகழ்வன என மூவகைப்படுத்தினார். ஆசிரியரையும் மாணாக்கனையும் பிரிக்கும் தொலைவு மைல் கணக்கிலே அளக்கத்தக்கதன்று. உரையாடல் குறையக் குறைய வளர்வது என்பது அவர்தம் கோட்பாட்டின் சாரம். பிரெட்ரிக்ஸ், புளூமன்பெல்ட், பாரிஸ் என்னும் மூவர் 2004 இலே ஈடுபாடு என்பதை நடத்தை, உணர்வு, அறிவு என மூன்று முகங்களாகப் பிரித்துக் காட்டினர். வகுப்புக்கு வந்திருத்தல் நடத்தை. அவ்வகுப்பைத் தன்னுடையதாக உணர்தல் உணர்வு. பாடத்தோடு மல்லிடுதல் அறிவு. திரையிற் பெயரைக் கண்டு வரவு குறிப்பவர் முதன்முகத்தை மட்டுமே அளக்கின்றார்.

உரையாடலற்ற பாடத்தின் கதி யாதாகும் என்பதற்கு உலகளாவிய சான்று உண்டு. 2011 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் செயற்கை நுண்ணறிவு பற்றி இணையத்திலே இலவசமாக நடத்திய பாடத்திலே ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் பதிந்தபோது, உலகின் கல்விச் சிக்கல் தீர்ந்துவிட்டதென்று ஆர்ப்பரித்தோர் பலர். ஹாவார்ட்டும் எம்.ஐ.ரி.யும் எட்எக்ஸ் தளத்திலே நடத்திய பாடங்களின் கணக்கை ஆராய்ந்து 2019 இல் வெளிவந்த கட்டுரையோ, 2017-18 ஆம் ஆண்டிலே பெயர் பதிந்தோருள் நூற்றுக்கு மூவர் அளவினரே பாடத்தை முடித்தனர் என்று காட்டியது. உலகிற் சிறந்த பேராசிரியர்கள், குறையற்ற காணொளிகள், கட்டணமின்மை யாவும் இருந்தன. பெயர் பதிந்தோர் பலர் வேடிக்கை பார்க்க வந்தவர் என்பது உண்மையே. எனினும், இடையில் ஒருவன் நின்றுபோனால் ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே எவருமிலர் என்பதும் உண்மையே.

பாடம் அமையும் விதமும் ஈடுபாட்டை ஆக்கவும் அழிக்கவும் வல்லது. அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட பார்வைகளை ஆராய்ந்து 2014 இல் வெளியான ஓராய்வு, காணொளி ஆறு நிமிடத்தை விஞ்சும்போது பார்ப்பவர் கவனம் தளர்ந்துவிடுகின்றது என்று கண்டது. இரண்டு மணிநேரச் சொற்பொழிவை அப்படியே திரைக்கு மாற்றியவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம். ஊவாவிலோ பதிவு செய்த விரிவுரைக்கு மற்றொரு பயனும் உண்டு. இரவுநேர டேட்டா மலிவானது. நள்ளிரவுக்குமேல் விழித்திருந்து இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத காம்பராவிலும் பகலிலே கேட்கலாம். ஒரு பாடத்தை இருமுறை கேட்பவன் பிழையின்றி அறிவான், மும்முறை கேட்பவன் முறையறிந்து உரைப்பான் என்ற நன்னூற் கருத்துக்கு இப்பதிவைப்போல் உதவுவது வேறில்லை. ஆனால், பிறகு கேட்கலாம் என்று ஒதுக்கி வைத்தவை கிழமைதோறும் குவிந்து, பரீட்சை நெருங்கும்போது மலையாக நின்று அச்சுறுத்துவதும் அப்பதிவினாலேயே. கிழமைக்கொரு சிற்றொப்படை இருந்து, அதனை விரிவுரையாளர் பார்த்து இரண்டு வரி எழுதித் திருப்பியனுப்பும் பாடத்திலே இக்குவியல் நேர்வதில்லை. அவ்விரண்டு வரி எத்துணை வலியது என்பதை, பெயரிட்டு அழைக்கப்படாத மாணாக்கனே நன்கறிவான்.

தொற்று அடங்கிய பின்னும் இக்கேள்வி ஓயவில்லை. 2022 ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியிலே, மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்டது. எரிபொருட் பஞ்சத்தினால் சூன் மாதத்திலே வகுப்புக்கள் மீண்டும் இணையத்துக்குத் தள்ளப்பட்டன. இம்முறை சிக்னற் கோபுரங்களே மின்னின்றித் தளர்ந்தன. அதன் பின்னர்ப் பல்கலைக்கழக மண்டபங்கள் திறந்துவிட்டன. ஆயினும் புறநிலைப் படிப்பிலும் தொழில்சார் டிப்ளோமாக்களிலும் இணையவகுப்பு நிலையாகக் குடிகொண்டுவிட்டது. பதுளைக்குப் பஸ் ஏறும் செலவும் நாளும் மிச்சம் என்று மகிழ்வோர் பலர். அம்மகிழ்ச்சி நியாயமானதே. மிச்சமான பஸ் காசோடு தேநீர்க் கடையும் போய்விட்டது என்பதைப் பரீட்சை முடிவு வந்த பின்னரே உணர்கின்றனர்.

இழந்ததை மீட்பதற்குப் பெருந்திட்டம் வேண்டியதில்லை. ஒரே தோட்டத்திலோ அடுத்தடுத்த டிவிசன்களிலோ உள்ள நால்வர் ஐவர் கிழமைக்கொருமுறை கூடி, இறக்கி வைத்த விரிவுரையை ஒரு திரையிலே சேர்ந்து கேட்டு, ஒருவர் மாறி ஒருவர் அதனை விளக்கிச் சொல்வாராயின், உடன்கற்பார் தரும் காற்பங்கும் எடுத்துரைத்தலால் நிரம்பும் அரைப்பங்கும் ஒருங்கே கைகூடும். அவர்கள் ஒரே பாடநெறியினராய் இருத்தலும் கட்டாயமன்று. வரலாறு பயில்பவன் பொருளியல் பயில்பவளுக்கு விளக்க முயலும்போதே தனக்கு விளங்காதது எது என்பதைக் கண்டுகொள்வான். இடமே இல்லாத குறை. 2003 இல் தொடங்கிய தொலைக்கல்வி நவீனமயமாக்கற் செயற்றிட்டம் நாட்டின் பல இடங்களிலே இணைய அணுகு நிலையங்களை அமைத்தது. 2005 முதல் நெனசல என்ற பெயரிலே கிராம அறிவகங்களும் தோன்றின. இவை சிந்தனையளவிலே மிகச் சரியானவை. ஆயினும், மலையுச்சி டிவிசனிலிருந்து நகரத்து நிலையத்துக்கு வருவதற்குள் பொழுது பாதி கழிந்துவிடும்.

தோட்டங்களுக்குள்ளேயே இருப்பவை பாடசாலைகள். ஒற்றை ஆசிரியர் பள்ளிகளாய்த் தொடங்கி, 1970 களின் பிற்பகுதியிலிருந்து அரசினால் பொறுப்பேற்கப்பட்டு, இன்று பல மகாவித்தியாலயங்களாக வளர்ந்துள்ள அவற்றுட் பலவற்றிலே கணினி அறை உண்டு. மேசையும் நாற்காலியும் மின்னிணைப்பும் உண்டு. அப்பாடசாலையிற் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கவல்ல ஆசிரியரும் உளர். பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கலைகின்றது. அதன்பின் அவ்வறைகளின் கதவு மறுநாட் காலை வரை பூட்டிக் கிடக்கின்றது.